ஊசி போட்டு நாளாகியும் தொந்தரவு தீரவில்லையா? வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடுப்பூசி போட்ட அன்று உடம்பு காயும், கை வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாளில் போக வேண்டியது இரண்டு மாதமாகியும் போகவில்லை என்றால்தான் குழப்பம். "எல்லாம் அந்த ஊசியாலதான்" என்று தெருவே சொல்கிறது. "அதெல்லாம் உங்க மனசுல" என்று சில டாக்டர்கள் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் சொல்கிற பதில். குடியாத்தம், காட்பாடி, ஆற்காடு, ஆம்பூர்ப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்துக் கடைப் பக்கம் பல காலம் இருந்தவன், அவ்வளவுதான்.

எதற்கெல்லாம் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது?

ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் முகம், உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம். இதற்காகத்தான் அரை மணி உட்கார வைக்கிறார்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பாதீர்கள். இந்த ஒவ்வாமைக்கு மருந்து அட்ரினலின் ஊசி. அது அந்த இடத்திலேயே இருக்கும், பஸ்ஸில் இருக்காது.

நாட்கள் கழித்து வந்தாலும் அவசரம்தான் என்று சொல்லத்தக்கவை: வலிப்பு, கால்களில் தொடங்கி மேலே ஏறும் பலவீனம், உட்கார்ந்தால் எழ முடியாமை, முகம் ஒரு பக்கம் கோணுவது, நெஞ்சு வலி, மாத்திரைக்கு அடங்காத கடும் தலைவலியோடு பார்வை மங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, குழந்தை துவண்டு போவது, பால் குடிக்காமல் இருப்பது, மூன்று மணி நேரத்துக்கு மேல் தேற்ற முடியாமல் அழுவது. இவற்றுக்கு 108. காரணம் ஊசியா இல்லையா என்ற ஆராய்ச்சியை ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள் வரை இருந்தால் சாதாரணம்?

எந்த ஊசி என்பதைப் பொறுத்தது. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும்) ஊசிக்குக் காய்ச்சல் அன்றிரவோ மறுநாளோ வரும், இரண்டு நாளில் போய்விடும். 9 மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி அப்படியில்லை. அன்று ஒன்றும் தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் லேசான செம்புள்ளியும் வரும். அதில் இருப்பது பலவீனப்படுத்தப்பட்ட உயிர்க்கிருமி. அது உடம்பில் பெருகி வேலையைத் தொடங்க அவ்வளவு நாள் ஆகும். இது தெரியாமல் "அம்மை போட்டிருச்சு" என்று வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. ஒன்றிரண்டு நாளில் தணிந்தால் பயமில்லை. தணியாவிட்டால் காட்ட வேண்டும்.

பெரியவர்களுக்குக் கை வலி, அசதி, தலைவலி இரண்டு மூன்று நாள். ஒரு வாரம் தாண்டினால் கவனிக்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஊசி போட்டு ஒரு மாதமாகிறது, கையைத் தூக்க முடியவில்லை. மிஷினில் உட்கார முடியவில்லை.

ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் ஷூ, தோல் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், குடியாத்தத்தில் தறியிலும் பீடிச் சுற்றிலும் இருப்பவர்கள் இதைச் சொன்னால் கூலி போகிறது என்று பொருள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊசி போட்ட தசை வலிப்பது ஒன்று. தோள் மூட்டு வலிப்பது வேறு. ஊசியைத் தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதைப்பிடிப்பான இடத்தில் போட வேண்டும். சட்டைக் கையை முழுக்க மடிக்காமல் கழுத்துப் பக்கமாக இழுத்துவிட்டுப் போட்டால் ஊசி மேலே ஏறிப்போய், மூட்டைச் சுற்றியுள்ள பையிலோ தசைநாரிலோ மருந்து இறங்கிவிடலாம். அங்கே அழற்சி உண்டாகிறது. இதற்கு அடையாளம் உண்டு: வலி இரண்டு நாளுக்குள் தொடங்கியிருக்கும், அதற்கு முன் அந்தத் தோளில் தொந்தரவு இருந்திருக்காது, கையைப் பக்கவாட்டில் தூக்கும்போதும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும்போதும் பிடிக்கும், அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வராது. மருந்தின் மேல் குற்றமில்லை, போட்ட விதத்தில் கோளாறு. மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட பாதிப்பு இது, கற்பனை இல்லை.

எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அல்ட்ராசவுண்டில் பல நேரம் தெரிந்துவிடும். அழற்சி குறைக்கும் மாத்திரை, பிசியோதெரபி, தேவைப்பட்டால் மூட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி என்று படிப்படியாகப் போவார்கள். வலிக்கிறது என்று கையைத் தூளியில் தொங்கவிட்டு மாதக் கணக்கில் அசைக்காமல் வைப்பதுதான் பெரிய கெடுதல். மூட்டு அப்படியே இறுகிவிடும். குனிந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம்.

இன்னொன்று. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசியே போடாவிட்டாலும் தோள் இறுகும். ஆகவே சர்க்கரை அளவைப் பார்க்காமல் பழியை ஊசி மேல் போட்டுவிட வேண்டாம். இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் சர்க்கரை அடங்காவிட்டால் தோளும் அடங்காது.

குழந்தையின் தொடையில் கட்டி மாதிரி இருக்கிறது. வலியில்லை. கரையவும் இல்லை.

பென்டாவேலன்ட், டி.பி.டி. போன்ற ஊசிகளில் அலுமினிய உப்பு கொஞ்சம் சேர்ந்திருக்கும், தடுப்பாற்றலைத் தூண்ட. அதனால் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு உருவாகி வாரக் கணக்கில், சில குழந்தைகளுக்கு மாதக் கணக்கில், இருக்கும். சிவப்பில்லை, சூடில்லை, குழந்தை காலை உதைத்து விளையாடுகிறது என்றால் விட்டுவிடுங்கள். தேய்க்காதீர்கள், உருட்டாதீர்கள், விளக்கெண்ணெய் போட்டு நீவாதீர்கள்.

சிவந்து, சூடாகி, தொட்டால் குழந்தை அலறி, நடுவில் மெத்தென்று இருந்தால் சீழ். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டில் பிதுக்கக் கூடாது.

பி.சி.ஜி. போட்ட இடம் புண்ணாகிவிட்டது.

ஆக வேண்டும். பிறந்தவுடன் இடது தோளில் போட்ட இந்தக் காசநோய்த் தடுப்பூசி சில வாரம் கழித்துச் சிறு கொப்புளமாகி, உடைந்து நீர் கசிந்து, மூன்று மாதத்துக்குள் ஆறித் தழும்பாகும். மஞ்சள், விபூதி, பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம். குளிக்க வைக்கலாம். தழும்பே வராவிட்டாலும் மறுபடி போட வேண்டியதில்லை. இடது அக்குளில் நெறி பெரிதாகி உடையும் போலிருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊசி போட்ட பிறகு வந்த காய்ச்சல் ஐந்து நாளாக விடவில்லை. ஊசிக் காய்ச்சல்தானே?

பெரும்பாலும் இல்லை. இந்தத் தொகுப்பிலேயே ரொம்ப முக்கியமான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் வட்டாரத்தில் காய்ச்சலுக்குப் பஞ்சமே இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955-ல் வட ஆற்காட்டில், வேலூரில்தான். டெங்கு, டைஃபாய்டு, சிக்குன்குனியா எல்லாம் வருஷா வருஷம் சுற்றி வருகின்றன. அவற்றோடு ஸ்க்ரப் டைஃபஸ். புதர், வயல்வெளியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று தேடினால்தான் தெரியும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். "ஊசிக் காய்ச்சல்" என்று பத்து நாள் வீட்டில் படுத்திருந்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும்.

எனவே கணக்கு எளிது. தட்டம்மை-ரூபெல்லா தவிர மற்ற ஊசிகளுக்குப் பின் காய்ச்சல் மூன்றாம் நாளும் நீடித்தால், அல்லது போய்விட்டுத் திரும்ப வந்தால், ஊசியே போடாத ஒருவருக்கு வந்த காய்ச்சலாக நினைத்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஊசி போட்டதையும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்ட கை முழங்கை வரை வீங்கிவிட்டது. இதுக்கு முன்னாடி பல தடவை போட்டிருக்கேன், இப்படி வந்ததில்லை.

பல தடவை போட்டதுதான் காரணமாக இருக்கும். ஆணி கீறினாலும் தகடு கிழித்தாலும் உடனே ஒரு ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. சில கிளினிக்குகளும் கேட்காமலே போட்டுவிடுகின்றன. உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்புப் பொருள் நிறைய இருக்கும்போது மீண்டும் ஊசி போனால் அந்த இடத்தில் பெரிய வீக்கம் வரும். ஒரு வாரத்தில் வடியும். குளிர்ந்த துணி, பாரசிட்டமால், கையை உயர்த்தி வைப்பது போதும்.

முறையாக எல்லாத் தவணையும் போட்டவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால்தான் அடுத்தது. மண், சாணம், துரு பட்ட காயம் என்றால் ஐந்து வருஷம். தேதியை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதைக் காட்டுங்கள்.

நாய்க்கடி ஊசி இரண்டு போட்டாச்சு. உடம்பு அசதி, ஊசி போட்ட இடம் அரிப்பு. மீதியை நிறுத்தலாமா?

கூடாது. வெறிநோய் வந்தபின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் கடித்தவுடன் ஒன்று, அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்கள். அரிப்பும் சிவப்பும் தோலுக்குள் போடுவதால் வருபவை, போய்விடும். கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால்கூட ஊசியை நிறுத்தும் முடிவை நீங்கள் எடுக்கக் கூடாது. வேறு நிறுவனத்து மருந்துக்கு மாற்றித் தொடர்வதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

கொரோனா ஊசிக்குப் பிறகு அசதியே போகவில்லை. கை கால் மரமரப்பு, படபடப்பு, மறதி. யாரும் நம்பவில்லை.

நம்பாமல் இருப்பது தவறு. தடுப்பூசிக்குப் பின் மாதக் கணக்கில் இப்படிப்பட்ட தொந்தரவுகளைச் சொல்லும் ஒரு சிறு தொகையினர் உலகெங்கும் இருக்கிறார்கள், ஆராய்ச்சியும் நடக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. கொரோனா நோயே விட்டுச் செல்லும் நீண்டகால அசதியும் அச்சாக இதே மாதிரி இருக்கும். 2021-ல் ஊசி போட்ட அதே மாதங்களில்தான் இரண்டாம் அலையும் அடித்தது. ஆகவே எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம்.

ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியவை, எல்லாம் சாதாரணப் பரிசோதனைகள்: ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, வைட்டமின் பி12, ஒரு இ.சி.ஜி. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பி12 குறைந்து கால் மரமரப்பது சகஜம். நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம். இதெல்லாம் மருந்தில் சரியாகிறவை. ஊசி மேல் பழியைப் போட்டுவிட்டு இவற்றைத் தேடாமல் விட்டால் நஷ்டம் நமக்கு.

எழுந்து நின்றால் படபடப்பு, தலைசுற்றல் என்றால் ஒரு சோதனை. பத்து நிமிஷம் படுத்திருந்து நாடித் துடிப்பை எண்ணுங்கள். எழுந்து பத்து நிமிஷம் நின்று, இடையிடையே எண்ணுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 30-க்கு மேல் துடிப்பு கூடி, குறையாமல் நீடித்தால் அதை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தண்ணீரும் மருத்துவர் சொல்லும் அளவு உப்பும், இறுக்கமான காலுறையும், படுத்துச் செய்யும் பயிற்சியுமாக இதற்கு வழி இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைத் தாமாகக் கூட்ட வேண்டாம். வேலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், தண்ணீர் குறைந்தால் இந்தப் படபடப்பு இரட்டிப்பாகும்.

ஒரு நாள் வேலை செய்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கை என்ற மாதிரி அசதி இருந்தால், "நடந்தா சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் உடம்பை அடித்து விரட்டாதீர்கள். சோர்வு வருவதற்கு முன்னாலேயே நிறுத்தி ஓய்வெடுத்து, வேலையைப் பிரித்துச் செய்யுங்கள். இத்தனை மாதம் இப்படிக் கிடந்தால் மனசும் சோரும். அதற்கும் உதவி கேட்கலாம். கேட்டால் நோய் பொய்யென்று ஆகிவிடாது.

2021-ல் கோவிஷீல்டு போட்டேன். இனி ரத்தம் உறையுமா? மாரடைப்பு வருமா?

2024-ல் வந்த செய்திக்குப் பிறகு இந்தப் பயம் பரவியது. ரத்தம் உறைந்து தட்டணுக்களும் குறையும் அரிய பாதிப்பு அந்த வகை ஊசியால் வரலாம் என்று, கோவிஷீல்டு மருந்தின் மூல நிறுவனமான அஸ்ட்ராஜெனகா லண்டன் நீதிமன்றத்தில் சொன்னது உண்மை. ஆனால் மருத்துவ உலகத்துக்கு இது 2021-லேயே தெரியும். அது வருவதென்றால் ஊசி போட்ட முதல் ஆறு வாரத்துக்குள் வரும். வருஷங்கள் கழித்து வராது. சும்மா போய், ரத்த உறைவைத் தேடப் பயன்படும் டி-டைமர் பரிசோதனை எடுத்துப் பயப்பட வேண்டாம். வயதானாலும், சளி பிடித்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் அது ஏறிக் காட்டும்.

இளவயதுத் திடீர் மரணம் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதினரை 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசியால் அந்த ஆபத்து கூடவில்லை. கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், முந்தைய இரண்டு நாளில் அளவுக்கு மீறிய குடி, வழக்கத்துக்கு மீறிய கடும் உடலுழைப்பு ஆகியவற்றால்தான் கூடியிருந்தது.

அப்படியானால் போட்டதே வீண் என்று சொல்கிறார்களே?

நம்மூர்க் கணக்கே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (சி.எம்.சி.) தன் ஊழியர்களை 2021 இரண்டாம் அலையில் கவனித்தது. இரண்டு தவணையும் போட்டவர்களுக்குத் தொற்று 65 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் சேர்வது 77 சதவீதம் குறைவு, ஆக்சிஜன் தேவை 92 சதவீதம் குறைவு. உங்களுக்கு வந்த தொந்தரவும் உண்மையாக இருக்கலாம், இந்தக் கணக்கும் உண்மை.

மாதவிலக்கு தள்ளிப்போகிறது. அக்குளில் நெறி கட்டியிருக்கிறது.

கொரோனா ஊசிக்குப் பின் மாதவிலக்கு ஒரு நாள் அளவுக்குத் தள்ளுவதும், சிலருக்கு அதிகமாகப் போவதும் பதிவாகியிருக்கின்றன. ஒன்றிரண்டு சுழற்சியில் பழையபடி ஆகும். மூன்று மாதம் தாண்டினால் வேறு காரணம் தேட வேண்டும். கர்ப்பமா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம்.

ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டுவது சில வாரம் இருக்கும். ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால், பெரிதாகிக்கொண்டே போனால், மார்பிலும் கட்டி தெரிந்தால் உடனே காட்டுங்கள். காசநோய், புற்றுநோய் இரண்டையும் விலக்க வேண்டும்.

வீட்டு வைத்தியம் எது வரை?

வலிக்கு முதல் நாளில் குளிர்ந்த ஈரத்துணி. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால்: பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். குழந்தைக்கு எடைக்குத் தக்கபடி, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நர்ஸம்மாவையோ டாக்டரையோ கேட்காமல் கொடுக்க வேண்டாம். மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் "செட் மாத்திரை" மட்டும் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் நன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் நோய் மறைந்து வளரும். கசாயம் குடிப்பதில் தப்பில்லை. தாயத்தும் கட்டிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளைத் தள்ளாத வரைக்கும்.

எங்கே காட்டுவது?

குழந்தை என்றால் முதலில் ஊசி போட்ட கிராம சுகாதார செவிலியர், அப்புறம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் கூட்டமிருக்கும். பேச நேரம் வேண்டுமானால் வேறு நாளில் போங்கள். பெரிய இடம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இராணிப்பேட்டை மாவட்டத்தாருக்கு வாலாஜா, திருப்பத்தூர் மாவட்டத்தாருக்குத் திருப்பத்தூர் அரசு மருத்துவமனை. சி.எம்.சி.க்குப் போவதானால் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிறவர்களோடு நாமும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

டாக்டர் முன்னால் உட்காரும்போது "ஊசியால வந்தது" என்று தொடங்காதீர்கள். "இந்தத் தேதியில் இந்த ஊசி, இத்தனையாவது நாளில் இது தொடங்கியது, இது செய்தால் கூடுகிறது, இந்த வேலை செய்ய முடியவில்லை" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். காரணத்தைப் பற்றிய சண்டை இல்லாமல் பரிசோதனை தொடங்கும்.

பக்கவிளைவைப் புகாராகப் பதிவு செய்ய முடியுமா? நிரூபிக்க வேண்டுமா?

முடியும், நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தனியார் மருத்துவமனையிலோ சொன்னால் அவர்கள் படிவம் பூர்த்தி செய்து மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். செய்ய மறுத்தால், மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-க்கு நீங்களே வேலை நாட்களில் பேசலாம். கடுமையானவற்றை நிபுணர் குழு ஆராய்ந்து, மருந்தின் இயல்பா, தரக்குறைவா, போட்டதில் பிழையா, பதற்றமா, தற்செயலா என்று வகைப்படுத்தும். மாதங்கள் ஆகும். அதற்காக வைத்தியத்தை நிறுத்தி வைக்கக் கூடாது; பதிவு வேறு, சிகிச்சை வேறு.

யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றும், பாதிப்புகளைத் தனி நபர்களும் பதிவு செய்ய வழி வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2022 மே 2-ஆம் தேதி தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

ஒரு தவணையில் தொந்தரவு வந்தது. அடுத்தது போடலாமா?

காய்ச்சல், வீக்கம், கட்டி என்றால் போடலாம். தோள் மூட்டில் இறங்கியிருந்தால் மறு கையில் போடலாம். மூச்சுத் திணறலோடு ஒவ்வாமை, வலிப்பு, கால் பலவீனம் வந்திருந்தால் மருத்துவர் எழுதித் தராமல் போடக் கூடாது.

அட்டை தொலைந்துவிட்டது. என்ன ஊசி, எந்தத் தேதி என்றே தெரியவில்லை.

கொரோனா ஊசி என்றால் அன்று கொடுத்த கைப்பேசி எண்ணை வைத்துக் கோவின் தளத்தில் சான்றிதழை எடுக்கலாம். மருந்தின் பெயரும் தேதியும் அதில் இருக்கும். குழந்தைக்குப் போட்டது கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். அம்மாவின் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) தெரிந்தால் தேடுவது சுலபம். தனியாரில் போட்டிருந்தால் பில்லையோ குப்பியில் ஒட்டியிருந்த லேபிளையோ கேளுங்கள். இனி போடும் ஊசிகளுக்கு, குப்பியின் மேல் இருக்கும் தொகுதி எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். கேட்டால் செவிலியர் காட்டுவார்.